சூமில் பாடம், வார்டில் பயிற்சி: கொழும்பில் தாதியர் படிப்புக்கு எது வழி?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வெள்ளவத்தைக் காலி வீதியில் துண்டுப்பிரசுரங்கள் முளைத்துவிடும். புடவைக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் வகுப்பு, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தும் வகுப்பு, முகவரியே இல்லாமல் வாட்ஸ்அப் இலக்கம் மட்டும் போட்ட வகுப்பு என்று ஆளுக்காள் தாதியர் படிப்பைக் கூவி விற்பார்கள். ஆறு மாதம், ஒரு வருடம், வீட்டிலிருந்தபடியே, வார இறுதியில் மட்டும். முடித்தால் ஜப்பான், இஸ்ரேல், லண்டன், கனடா. மருத்துவபீடம் கைநழுவிப்போன பிள்ளை இருக்கும் வீடுகளில் அன்றிரவு நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட ஒன்றுதான். அம்மாவுக்கு இரவு டியூட்டியை நினைத்துப் பயம். அப்பாவுக்குக் கட்டணக் கணக்கு. கையில் போன் இருக்கும்போது தினமும் எதற்கு பஸ் ஏற வேண்டும் என்பது பிள்ளையின் கேள்வி. ஸ்காபரோவிலிருந்து வீடியோ அழைப்பில் வரும் மாமாவோ, அங்கே நர்ஸ் வேலைக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லி ஓயமாட்டார்.

இணையவழியா, நேரடி வகுப்பா என்று முடிவெடுக்குமுன், எந்தப் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிய வேண்டும். கொழும்பில் ‘நர்சிங்’ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல படிப்புகள் புழங்குகின்றன.

மூத்தது சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகள் தரும் மூன்று வருட டிப்ளோமா. கொழும்பில் 1939இல் தாதியர் பாடசாலை தொடங்கிய காலம் முதல் நாட்டின் தாதியரில் மிகப் பெரும்பாலானோர் இந்த வழியால் வந்தவர்களே. கண்டி, காலி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு முதலிய இடங்களிலும் கல்லூரிகள் உண்டு. கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்தில் மாதப் படி உண்டு, முடித்தவர்கள் அரச சேவைக்குள் உள்வாங்கப்படுவார்கள். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தி கேட்பார்கள், வயதெல்லை பார்ப்பார்கள், ஆண் பிள்ளைகளுக்கான இடம் மிகச் சொற்பம். ஆள் சேர்ப்பு ஆண்டு தவறாமல் நடக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது. காத்திருந்து களைத்தவர்கள்தான் தனியார் வகுப்புகளின் முதல் வாடிக்கையாளர்கள்.

யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, ருகுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, கொழும்பு ஆகிய பல்கலைக்கழகங்களின் நான்கு வருடப் பட்டப்படிப்பு இன்னொன்று. அதற்குப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வேண்டும். மூன்றாவது, பெரிய தனியார் வைத்தியசாலைகள் தங்கள் தேவைக்காகத் தாங்களே நடத்தும் பயிற்சி. நான்காவது, உதவித் தாதியர், பராமரிப்பாளர் என்ற பெயர்களில் வரும் குறுகிய காலப் படிப்புகள். இவற்றில் சில, என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமையின் 3ஆம், 4ஆம் மட்டங்களுக்கு உரியவை. சில எதற்கும் உரியவை அல்ல. முதல் இரண்டுக்கும் வீட்டிலிருந்தே முடித்துவிடும் வழியே இல்லை. துண்டுப்பிரசுரச் சண்டை முழுவதும் நான்காவதைச் சுற்றித்தான்.

இதைச் சொல்வதால் தொலைக்கல்வியைத் தட்டிக்கழிப்பதாக எண்ண வேண்டாம். வழமையான பல்கலைக்கழகங்கள் நான்கு வருடத் தாதியர் பட்டத்தைத் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1994இல், நாவலையிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டப்படிப்பைத் தொலைக்கல்வி மூலம் தொடங்கிவிட்டது. தொலைக்கல்விக்கே பெயர்போன கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் அதற்குத் துணை நின்றது. வெள்ளவத்தையிலிருந்து நாவலைக்கு ஓட்டோவில் போய்விடலாம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பிராந்திய நிலையங்கள் இருக்கின்றன. களுபோவில வைத்தியசாலையில் இரவு டியூட்டி முடித்துவிட்டு, பகலில் பாடநூலை விரித்து, ஆங்கிலத்தில் ஒப்படை எழுதி, டே ஸ்கூல் எனும் நேரடி வகுப்புக்கு ஓடிப் பட்டம் எடுத்த தாதியர் ஒரு தலைமுறையே உண்டு.

ஆனால் அந்தப் படிப்பு யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே டிப்ளோமா முடித்து வார்டில் வேலை செய்துகொண்டிருந்த தாதியருக்காக. ஊசி போடவும் கட்டு மாற்றவும் அவர்கள் புதிதாகப் பழக வேண்டியதில்லை. ஆய்வு முறை, நிர்வாகம், சமூக சுகாதாரம், ஒரு பராமரிப்புத் திட்டத்தை ஏன் அப்படி வகுக்கிறோம் என்ற நியாயம், இவைதான் அவர்களுக்குத் தேவைப்பட்டன. அவற்றைத் தபாலிலும் படிக்கலாம், இணையத்திலும் படிக்கலாம். இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பதிவுபெற்று வேலை செய்த அனுபவமுள்ள தாதியருக்கு மட்டுமே தன் பி.எஸ்சி. நர்சிங் படிப்பைத் திறந்துவிட்டது. தொலைக்கல்வியையே தொழிலாகக் கொண்ட இரண்டு பல்கலைக்கழகங்கள் முதற்படியைத் தாங்கள் எடுக்காமல் இரண்டாம் படியிலிருந்து தொடங்கியிருக்கின்றன. ஆறு மாதத்தில் வீட்டிலிருந்தே தாதியாகலாம் என்று சொல்பவருக்கு அவற்றைவிட என்ன கூடத் தெரிந்துவிட்டது என்று கேட்பதில் தவறில்லை.

முதற்படியில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு லீற்றர் சேலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று டொக்டர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விடும் செட். 1000ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 துளி. இந்தக் கணக்கைச் சூமில் அழகாகப் படிப்பிக்கலாம். விளங்காதவர் பதிவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் கைதூக்க வெட்கப்படும் பிள்ளைக்கு அது பெரிய உதவி. இனிக் கட்டிலருகே வருவோம். மணிக்கூட்டில் ஒரு கண், துளியில் ஒரு கண்ணாகச் சக்கரத்தை மெல்ல உருட்டி எண்ண வேண்டும். நோயாளி முழங்கையை மடக்கினால் துளி நின்றுவிடும், நீட்டினால் ஓடும். கனுலா நரம்பை விட்டு விலகியிருந்தால் அந்த இடம் வீங்கத் தொடங்கும், தொட்டால் குளிர்ந்திருக்கும். “இழுக்குது மிஸ்ஸி” என்று அவர் முனகுவார், அல்லது வயதானவரென்றால் ஒன்றுமே சொல்லமாட்டார். அந்தக் குளிர்ச்சியை விரல் பழகியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்று “இங்கே தொட்டுப் பார்” என்று சொல்ல ஒரு மூத்த தாதி வேண்டும்.

உடற்கூறு, மருந்தியல், நுண்ணுயிரியல், கணக்கு இவற்றுக்கு இணையம் போதும். சிலவேளை நேரடி வகுப்பைவிட நன்றாகவே இருக்கும். படுக்கைப்புண் வராமல் ஆளைத் திருப்பிப் படுக்கவைப்பது, மூக்குவழிக் குழாய் இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியதா என்று உறுதி செய்வது, உயிர் பிரிந்த உடலைக் குடும்பத்தின் முன் கண்ணியமாகக் கையாள்வது இவற்றுக்குப் போதாது.

இதை 2020 வெட்டவெளிச்சமாக்கியது. அவ்வாண்டு மார்ச்சில் கொரோனாவால் எல்லாம் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூமுக்கு மாறின. பல்கலைக்கழக மாணவருக்கு டேட்டா செலவில்லாமல் வகுப்பில் சேரும் வசதியும் செய்து கொடுக்கப்பட்டது. பாடம் நின்றுபோகவில்லை, வார்டுப் பயிற்சிதான் நின்றது. மாணவருக்கு வார்டு மீண்டும் திறந்தபிறகு, விட்ட நாட்களை வார்டிலேயே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கொட்டாஞ்சேனையின் ஒடுக்கமான ஒழுங்கைகளில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன் உள்ள வீட்டில், இணையவழிக் கல்வி வசதியானது என்று அப்போது யாரும் சொல்லத் துணிந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் தட்டுப்பாட்டால் பஸ்ஸும் ஓடாத நாட்களில் நேரடி வகுப்பும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செயற்கை உருவங்களில் பயிற்சி எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்கத் தாதியர் வாரியங்களின் தேசியப் பேரவை 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வார்டுப் பயிற்சி நேரத்தில் பாதிவரை நல்ல தரமான உருவகப் பயிற்சியால் ஈடுகட்டினாலும் மாணவரின் தேர்ச்சி குறையவில்லை என்று கண்டது. ஆனால் அங்கே அது நடந்தது பயிற்சிபெற்ற ஆசிரியர்களும், மூச்சுவிட்டு நாடி துடிக்கும் உருவங்களும், ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு உட்கார்ந்து அலசும் நேரமும் உள்ள ஆய்வுகூடங்களில். மற்றப் பாதி அங்கும் நோயாளர் அருகில்தான் கழிந்தது. பிரித்தானியாவில் படித்துத் தாதியாகப் பதிய 2300 மணி நேரச் செயற்பயிற்சி வேண்டும். 2023இல் விதியைத் தளர்த்தியபோதும் அதில் 600 மணி நேரத்துக்கு மேல் உருவகப் பயிற்சியாக எடுக்க அனுமதிக்கவில்லை. மேல்மாடி அறையில் ஒரே ஒரு பிளாஸ்ரிக் பொம்மையை வைத்துக்கொண்டு இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்க முடியாது.

வட அமெரிக்காவில் ‘பிராக்டிகல் நர்ஸ்’ என்றொரு தரம் உண்டு. ஒன்ராறியோவில் இரண்டு வருடக் கல்லூரி டிப்ளோமா, பிறகு பதிவுக்கான தேர்வு. வெள்ளவத்தை வீடுகளின் மச்சாள்மார் பலர் அங்கே படிப்பது இதைத்தான். அமெரிக்காவில் இணையவழி என்று விளம்பரமாகும் இத்தகைய படிப்புகளை விசாரித்துப் பார்த்தால், இணையத்தில் இருப்பது பாடம் மட்டும். ஆய்வுகூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் நேரே போயே ஆகவேண்டும். அந்தப் பகுதியைக் காசு கொடுத்துத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு புளோரிடாவில் சாட்சி இருக்கிறது. மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரில் 7600க்கும் மேற்பட்ட போலி டிப்ளோமாக்கள் விற்கப்பட்டதாக 2023 ஜனவரியில் 25 பேர் மீது வழக்கு வந்தது. வாங்கியவர்களில் சுமார் 2400 பேர் பதிவுத் தேர்வில் சித்தியும் அடைந்திருந்தார்கள். எழுத்துத் தேர்வு வடிகட்டிவிடும் என்று நம்பியிருப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போலியில்லாத, நேர்மையான தொலைக்கல்விக்கும் ஆபத்து உண்டு. நியூயோர்க் மாநிலத்தின் எக்செல்சியர் கல்லூரி நீண்டகாலமாக மதிப்போடு தாதியர் தகைமை வழங்கிவந்தது. மேற்பார்வையோடு கூடிய வார்டுப் பயிற்சி போதாது என்று சொல்லி, 2003 டிசம்பருக்குப் பின் அதில் சேர்ந்தவர்களைப் பதிய கலிபோர்னியா மறுத்துவிட்டது. ஆக, படித்த இடம் தரும் சான்றிதழைவிட, வேலை செய்யப்போகும் இடத்தின் பதிவேடுதான் தலைவிதியை எழுதுகிறது. இலங்கையில் அந்தப் பதிவேடு, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தாதியர் பேரவையிடம் இருக்கிறது. லண்டன் கனவு உள்ளவர் கணினித் தேர்வோடு தப்பிக்க முடியாது. பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வில் பரிசோதகர் கண்முன்னே கைகழுவுவதிலிருந்து செய்து காட்ட வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். வழியென்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சில் தலா 7, எழுத்தில் 6.5 எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டும், தாராளமாக, இணைய வகுப்பே போதும்.

இவ்வளவும் சொன்னபிறகு, இணையவழி நியாயமாகப் பொருந்தும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம், அதன்பின் அந்த வீதம் ஏறியபடியே இருக்கிறது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் இது கண்கூடு. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், அப்பா ஐந்தாம் மாடியில் ஒக்சிசன் சிலிண்டரோடு. அவரைக் குளிப்பாட்டி, சீனி பார்த்து, நேரத்துக்கு மருந்து கொடுப்பது மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்து தங்கியிருக்கும் ஒரு பெண். பத்து வருடமாக இதே வேலை செய்தும் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவர். மாலையில் போனில் பாடம் கேட்டு, முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறையில் தகைமை எடுப்பது அவருக்கு மிகப் பொருத்தமான வழி. அவர் கை ஏற்கெனவே பழகிவிட்டது, பாடம்தான் பாக்கி. ஜப்பானோடு 2019இல் செய்த உடன்பாட்டின் கீழ் பராமரிப்பு வேலைக்குப் போக விரும்புபவர்கள் மொழித் தேர்வும் பராமரிப்புத் திறன் தேர்வும் எழுத வேண்டும். அதில் ஜப்பானிய மொழியை இணையத்தில் படிப்பதால் குறையொன்றுமில்லை.

பராமரிப்பாளர் வேலை கௌரவமான வேலை. ஆனால் அதைத் தாதியர் வேலை என்று விற்பதுதான் மோசடி. ஆறு மாதச் சான்றிதழை நம்பி ஒரு பிள்ளை தனியாக நின்று நரம்பூசி போட இறங்கினால், இழப்பு கட்டணப் பணத்தோடு முடியாது.

மொழி விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழில் நடக்கும் இணைய வகுப்பு பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கிறது, பாடம் விளங்குகிறது. தமிழில் மருத்துவம் படிப்பிக்க முடியும் என்பதை மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே நிரூபித்துவிட்டார். நூல்களைத் தமிழாக்கி அறுபதுக்கும் மேற்பட்டோரை வைத்தியர்களாக்கினார். அந்த மாணவர்கள் நூலோடு நிற்கவில்லை, அவருடைய வைத்தியசாலையில் நோயாளர் நடுவே பழகினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்களோடு இயங்கும் கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் குறிப்பேடு ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்துக் கட்டில்காரர் சிங்களத்தில் பேசுவார், அட்டனிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட அம்மா தமிழில் மட்டும் அழுவார். மூன்றையும் ஒரே நேரத்தில் கையாளப் பழகிய தமிழ்த் தாதிக்கு இந்த நகரில் வேலை தேடி அலையும் நிலை வராது. அந்தப் பழக்கம் வார்டில் மட்டுமே வரும்.

அம்மாமாரின் பயத்தை ஏளனம் செய்யத் தேவையில்லை. இரவு டியூட்டி முடித்துத் தனியே திரும்புவது கடினம்தான். வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் விடியுமுன்னே வரும் என்றாலும். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து விடுதி வசதி, சேர்ந்து போகும் தோழிகள், டியூட்டிப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குவது. இரவு டியூட்டியே இல்லாத படிப்பைத் தேடினால், படித்து முடித்து வேலையில் சேர்ந்த முதல் வாரமே அதே பயம் வாசலில் வந்து நிற்கும்.

ஆகவே, உயர்தரம் முடித்த பிள்ளைக்கு அரச டிப்ளோமாவோ பல்கலைக்கழகமோதான் முதல் தெரிவு. தகுதி இருந்தால் ஒரு வருடம் காத்திருப்பதும் நட்டமில்லை. அது கிடைக்காவிட்டால் சொந்தமாக வைத்தியசாலை வைத்திருக்கும், அல்லது வைத்தியசாலை ஒன்றோடு எழுத்துமூல ஒப்பந்தம் உள்ள நிறுவனம். முழுக்க இணையவழிப் படிப்பைப் புதிதாகத் தொடங்குபவர் தொடவே வேண்டாம். வேலையில் இருக்கும் தாதியர் தயங்காமல் எடுக்கலாம். காசு கட்டுமுன் அலுவலகத்தில் நேரே கேளுங்கள்: எத்தனை மணி நேரம் வார்டில், எந்த வைத்தியசாலையில், யார் மேற்பார்வையில்? தாதியர் பேரவையில் பதியலாமா, இல்லையா? நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானது என்று சொல்வார்கள். நிறுவனப் பதிவு வேறு, இந்தப் படிப்புக்கான அங்கீகாரம் வேறு, இரண்டாவதன் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அரச கல்லூரிகளுக்கான அழைப்பு வர்த்தமானியில் வரும். அது வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளியாகிறது, அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சதம் செலவில்லாமல் வாசிக்கலாம்.